இருபத்திரண்டாவது கேள்வி

துர்க்கு நகரம், டிசம்பர்.
பிற்பகல் மூன்றரைக்கே இருட்டிவிடும் ஊர்.
ஓய்வுநாள் முடிந்த சனி இரவு
ஜெப ஆலயத்தின் நிலவறையில் பதினோரு பேர்,
மூன்று மேசை, செத்துப்போன ஒரு கொதிகலன்.
மேல்கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருக்கிறார்கள்.

கேள்வி கேட்பவள் நான்.
எபிரேய எழுத்து இருபத்திரண்டு,
ஆகவே கேள்வியும் இருபத்திரண்டு.
ஸ்டாக்ஹோம் கப்பலில் கல்லாவுக்குப் பின்னால் நின்று
ரசீதுத் தாளின் முதுகில் எழுதியவை.

பரிசு ஒரு புட்டி ஹெர்ரிங் மீன் ஊறுகாய்.
அதற்கா இத்தனை சண்டை என்பீர்கள்.
வந்து பார்த்தால் என்ன மாட்டீர்கள்.

தோராவில் முதன்முதல் அழுதது யார்?
ஏவாள், என்றது முதல் மேசை,
பிள்ளையைப் பறிகொடுத்தவள் ஆயிற்றே.
இல்லை. அவள் அழுததாக ஒரு சொல் இல்லை.
ஆகார். துருத்தியில் தண்ணீர் தீர்ந்த பின்
மகனைச் செடியடியில் விட்டு
அம்பு பாயும் தூரம் தள்ளி உட்கார்ந்தாளே, அங்கே.
லியூபா பேனாவைக் கீழே வைத்தாள்.
அடுத்த இரண்டு கேள்விக்கு அவள் எடுக்கவில்லை.

நோவாவின் பெயரைத் திருப்பிப் போட்டால்?
கிருபை.
பேசிய விலங்குகள் எத்தனை?
பாம்பு ஒன்று, கழுதை ஒன்று.
(பிலேயாமையும் சேர்த்தால் மூன்று, என்றான் யோயெல்.
சிரித்தோம். மதிப்பெண் தரவில்லை.)
தோராவின் கடைசி எழுத்தையும் முதல் எழுத்தையும்
ஒட்டினால் என்ன வரும்?
லாமெத், பேத். இதயம்.
முடித்தவன் மறுபடி தொடங்கினால்தான்
நெஞ்சு கிடைக்கும் போல, என்றாள் ஹெனா,
விரல்களை வாயால் ஊதிக்கொண்டே.

இருபத்தொன்று முடிந்தது.
முதல் மேசையும் மூன்றாம் மேசையும் சரிசமம்.
கடைசிச் சீட்டைக் காணோம்.

மேசைக்கடியில் முழங்காலிட்டுத் துழாவுகிறேன்.
ரொட்டித் துணுக்கு, ஒரு பொத்தான், யாருடையதோ கையுறை.
கதவருகே குரல்:
"என்ன தேடுறீங்க?"
நீலச் சீருடை, கையில் கருவிப்பெட்டி,
தோளில் இன்னும் கரையாத பனி.
"ஒரு கேள்வியை" என்றேன்.
அவன் காலைத் தூக்கிப் பார்த்தான்.
ஈர பூட்ஸின் அடியில் ஒட்டியிருந்தது தாள்.
பிய்த்துக் கொடுத்துவிட்டுக்
கொதிகலன் பக்கம் போனான்.

மை கலங்கிய தாளை விளக்கில் பிடித்து வாசித்தேன்:
சீகேமின் வயல்வெளியில்
அண்ணன்மாரைக் காணாமல் யோசேப்பு அலைகிறான்.
ஒரு மனிதன் கண்டு, "என்ன தேடுகிறாய்?" என்கிறான்.
தோத்தானுக்குப் போனார்கள், என்று கைகாட்டுகிறான்.
அவ்வளவுதான் அவன் கதை.
அவன் இல்லையேல் குழி இல்லை, எகிப்து இல்லை,
பிளந்த கடல் இல்லை, இந்த நிலவறையும் இல்லை.
அவன் பெயர் என்ன?

காபிரியேல், என்று எழுதியது முதல் மேசை.
உரைகாரர்கள் சொல்கிறார்கள், தேவதூதன் என்று.
மூன்றாம் மேசை தந்தது வெற்றுத்தாள்.
பெயர் இல்லை என்பதே விடை, ஆகவே அது சரி.
உடனே மூண்டது சண்டை:
தெரிந்து விட்ட வெறுமையா அது,
தெரியாமல் விட்ட வெறுமையா?
மெனாஸ் சத்தியம் செய்தான், தெரியும் என்று.
அவன் பேனா குளிரில் உறைந்துபோனதை
எல்லோரும் பார்த்திருந்தோம்.

எப்போது ஆரம்பித்ததோ தெரியாது,
குழாய்க்குள் டொக் டொக்கென்று ஒரு சத்தம்.
யோயெல் ஒரு கையை ஆட்டி வாதாடியபடியே
மறு கையால் கோட்டைக் கழற்றினான்.
அப்புறம் ஒவ்வொருவராய்.
நாற்காலிகளில் கோட்டுகள் குவிந்தபோதுதான்
கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

புட்டியை எடுத்துக்கொண்டு படியேறி ஓடினேன்.
ஆற்றோரம் வேனின் பின்விளக்கு
சிவப்பாய்த் திரும்பி மறைந்தது.
பனியில் பூட்ஸ் தடம் இருந்தது,
அதன் மேலும் பனி விழுந்துகொண்டிருந்தது.

கொதிகலன் மேல் அவன் வைத்துப்போன பில்:
நிறுவனத்தின் பெயர், நாற்பது நிமிடம், ஒரு வால்வு.
அடியில் ஒரு கிறுக்கல்.
கே என்றான் மெனாஸ்.
ஹெச் என்றாள் லியூபா.