மூன்றாவது துளை

ஜாவாவின் வடகரையில், டெமாக் பக்கம்,
கடல் வீடு தேடி வருகிறது.
விருந்தாளி என்றால் சொல்லிவிட்டு வரும்.
இது கடன்காரன் மாதிரி,
உலை வைக்கும் நேரம் பார்த்து.

கஸ்மினா திருக்கை மீனுக்குப் புகை போடுகிறவள்.
விடியுமுன் கொட்டாங்கச்சித் தீ மூட்டியாக வேண்டும்.
வாசலுக்கும் மேட்டுச் சாலைக்கும் நடுவே
முப்பத்தாறு எட்டு தண்ணீர்.
அடியில் சிமெண்ட் பாதை இன்னும் இருக்கிறது,
பாசி பிடித்து, யாருக்கும் தெரியாமல்.
தினம் உப்பில் ஊறிய விரலிடுக்கில்
சேற்றுப்புண் ஆறவே இல்லை.
படகு வைத்திருந்தவர்கள்
படகிலேயே போய்விட்டார்கள்.

அவள் மூங்கில் வாங்கப் போனாள்.
பச்சை வேண்டாம், வளையும்.
கடைக்காரன் நீட்டியதையெல்லாம்
தர்பூசணி போலத் தட்டிக் காது வைத்தாள்.
"மாப்பிள்ளையா பார்க்கிறாய்?"
"மாப்பிள்ளை மேல் ஏறி நிற்கப் போவதில்லையே."

அடிக்கணுவுக்கு ஒரு விரல் கீழே அறுத்தாள்.
கணு இருந்தால் பிளக்காது.
மிதிகட்டைக்குத் துளையும்
ஒரு கணுவுக்கு நேர் மேலே:
பாரம் கணுவில் உட்கார வேண்டும், கயிற்றில் அல்ல.
உடைந்த கட்டிலின் தேக்குக் கால்
இரண்டு மிதிகட்டை ஆயிற்று.
நண்டுவலை நைலான், பதினாறு சுற்று.
பாசிக்காக அடியில் டயர்த் துண்டு.
ஆணித்தலை வெளியே தெரியாமல்
அழுத்தி அடித்தாள்,
சிமெண்டில் உரசினால் வழுக்கும்.

"பாதத்தைக் கட்டிக்கொள்ளேன், பிடிப்பாக இருக்கும்,"
என்றாள் பக்கத்து வீட்டு வாகியெம்.
"கட்டினால் விழும்போது எப்படிக் குதிப்பேன்?"
வாகியெம் ஒன்றும் சொல்லாமல்
தன் வீட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

தண்ணீர் வடிந்த மதியம்
சுவரில் முதுகு வைத்து, படியிலிருந்து ஏறினாள்.
முதல் துளை ஒரு சாண் உயரம்தான்.
விழுந்தாள். விழுவதையும் கற்றாள்:
கழியை விடு, முன்னால் குதி, முட்டியை மடக்கு.
ஆறாம் முறை
புத்தி தடுமாறிக் கழியைக் கட்டிப் பிடித்தாள்.
மணிக்கட்டு பத்து நாள் வீங்கிக் கிடந்தது.
பிறகு பிடிபட்டது,
இதில் சும்மா நிற்க முடியாது,
நிற்பதற்கும் நடந்துகொண்டே இருக்க வேண்டும்.

எக்ராங் என்பார்கள் அங்கே.
நமக்குப் பொய்க்கால்.
பொய்க்கால் பொய் சொன்னால்
அன்றைக்குக் கூலி இல்லை.

ஜோடி ஒன்று, போக வேண்டியவர் இருவர்.
வாகியெம் காய்கறிச் சந்தைக்காரி.
கஸ்மினா சாலை ஏறியதும்
இரண்டு கழியையும் சேர்த்துக் கட்டித்
தண்ணீரில் விடுவாள்.
கயிற்றின் மறுமுனை வாகியெம் ஜன்னலில்.
இருட்டில் அது மிதந்து போவதைக்
கண்ணால் பார்க்க முடியாது,
கயிறு விறைப்பதைக் கையால் அறிவாள்.
பின் அந்தப் பக்கம் இருமல்,
"ஏறிட்டேன்."
ஒரு நாள் இருமல் வரவில்லை.
கஸ்மினா உடையோடு இறங்கி
இடுப்பளவு நடந்தாள்.
வாகியெம் ஜன்னலில் உட்கார்ந்து
கத்தரிக்காயை எண்ணிக்கொண்டிருந்தாள்.
அன்று இருவரும் பேசிக்கொண்டதை
இங்கே எழுத முடியாது.

மறு வருடம் முழ உயரத்தில் இரண்டாம் துளை.
அளக்க வந்த அதிகாரி சொன்னார், நிலம் தாழ்கிறது.
பள்ளிவாசலில் சொன்னார்கள், கடல் ஏறுகிறது.
கழிக்கு இரண்டும் ஒன்றுதான்.

இன்று மூன்றாவது.
அடுத்த கணு தொடைக்கு வருகிறது.
இனிப் படியிலிருந்து ஏற முடியாது,
ஜன்னல் சட்டத்தில் உட்கார்ந்துதான்.
அவ்வளவு உயரத்தில் குதித்தால்
தண்ணீர் தாங்கும், சிமெண்ட் தாங்காது
என்று வாகியெம் கணக்குச் சொல்கிறாள்.
கேட்டுக்கொண்டே துளைக்கருவியைத் திருகுகிறாள் கஸ்மினா.
மூங்கில் தூள்
வாசல் தண்ணீரில் உதிர்கிறது.
இரை என்று நினைத்துக்
குஞ்சு மீன்கள் வருகின்றன,
வாயில் வாங்கி, துப்பி,
மறுபடி வாங்குகின்றன.