பராமரிப்புப் பதிவேடு

ஒன்பது மாடி நடந்தே ஏறினோம்.
ரீகாவில் ஜனவரி. லிப்ட் கதவில்
'பழுது' என்றொரு தாள்.
தேதி போட மட்டும் யாருக்கும் துணிச்சல் வரவில்லை.
குந்தர்ஸ் மாடிக்கு மாடி நின்று
கதவில் காது வைத்துக் கேட்டான்.
லிப்ட் பார்ப்பதுதான் அவன் பிழைப்பு.
இந்தக் கட்டடம் வேறு கம்பெனியின் ஒப்பந்தம்;
தொட்டால் வழக்கு.

இல்சேயின் சமையலறை மேசை.
பூண்டு தேய்த்து வறுத்த கறுப்பு ரொட்டி,
எண்ணெய்ப் பிசுக்கேறிய இருபது முகப் பகடைகள்.
பகலில் அவள் மருந்துக்கடையில் நிற்பவள்.
வியாழன் இரவுகளில்
ஓர் உலகத்தின் வானிலை, வரி, மரணம்
எல்லாம் அவள் பொறுப்பு.

இந்த முறை அவள் கட்டிய நகரத்தில் டிராம் ஓடுகிறது,
தண்டவாளம் நெடுக மந்திரம் பொறித்து.
தெருவிளக்குக்குள் பிடித்து அடைத்த மின்னல்.
மாதம் ஒருமுறை மீட்டர் பார்க்க
ஒரு சூனியக்காரி வருகிறாள், சில்லறை இல்லை என்கிறாள்.
கைப்பேசியும் உண்டு. சார்ஜ் ஏற
உனக்குத் தெரிந்த பெயர் ஒன்றை மறக்க வேண்டும்.
ரைவிஸ் இரண்டு கோடு சார்ஜுக்கு
முன்னாள் மனைவியின் பெயரைக் கொடுத்தான்.
"மலிவுச் சரக்கு," என்றாள் இல்சே.
"ஒரு கோடுதான் ஏறும்."

கோபுரத்தின் உச்சிக்குப் போகவேண்டும்.
நூற்று நாற்பது மாடி. அங்கேயும் லிப்ட்;
அங்கே ஓடுகிறது.
கூண்டுக்கு அடியில் வெள்ளிச் சங்கிலியில் ஒரு பூதம்
தோளில் தூக்கி ஏற்றும், தோளில் தாங்கி இறக்கும்,
முந்நூறு வருடமாய்.

எழுபதாவது மாடியில் நின்றுவிட்டது.
விளக்கு போனது. கீழே உறுமல்.

நான் வாளை உருவினேன்
(மேசையில் என் கை கரண்டியைப் பிடித்திருந்தது).
ரைவிஸ், "தீக்கோளம்!" என்றான்.
"மூடிய பெட்டிக்குள்ளா?" என்று கேட்டு
பரிவோடு பகடையை நீட்டினாள் இல்சே.

குந்தர்ஸ் கை உயர்த்தினான், பள்ளிக்கூடத்தில் போல.
"தரையில் ஒரு மூடி இருக்குமே. நாலு திருகு."
"இருக்கிறது," என்றாள் அவள்,
அப்போதுதான் அதை அங்கே வைத்து.
"திறக்கிறேன். அதனிடம் கேட்கிறேன்:
உன்னைக் கடைசியாக எப்போது சர்வீஸ் செய்தார்கள்?"

யாரும் பகடை உருட்டவில்லை.
ஃபிரிட்ஜ் ஒருமுறை நடுங்கி அடங்கியது.

கதைகளில் வரும் பூதம்
வேலை கொடு, இல்லையேல் விழுங்குவேன் என்னும்.
இதுவோ இல்சேயின் தொண்டையிலிருந்து,
இருமல் மருந்து எடுத்துத் தரும் அதே குரலில் சொன்னது:
"இடது தோள். எண்ணெயே போட்டதில்லை.
நாற்பத்திரண்டாவது மாடியில் ஒருத்தி
இறங்கும்போதெல்லாம் நன்றி சொல்வாள்.
இப்போது வருவதில்லை.
எங்கே போனாள் என்று
எனக்கு யாரும் சொல்லவில்லை."

குந்தர்ஸ் தன் சொந்தச் சட்டைப்பையிலிருந்து
ஒரு நோட்டை எடுத்தான்,
நிஜமான நோட்டு, அட்டையில் கிரீஸ்.
சங்கிலி: நெளிவு. தோள்: தேய்மானம்.
சுமை: வரம்பு மீறல்.
'குறிப்பு' என்ற இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது.
பிறகு: ஓய்வு தேவை. கூண்டு பூட்டப்படுகிறது.
தேதி போட்டான். கையெழுத்தும்.

"மீதி எழுபது மாடி?" ரைவிஸ்.
"நடப்போம்."
"விடிந்தால் உலகம் அழிகிறது, நினைவிருக்கிறதா?"
"வேகமாக நடப்போம்."

உலகம் என்ன ஆனது என்று கேட்காதீர்கள்.
நூற்றுப் பதினோராவது மாடியில்
மணி இரண்டாகிவிட்டது.
ரைவிஸுக்குக் காலை ஷிப்ட்.

இறங்கும்போது மாடிக்கு மாடி
குழல்விளக்கு யோசித்து யோசித்து எரிந்தது.
கீழ்த்தளத்தில் குந்தர்ஸ் அந்தத் தாளை நேராக ஒட்டி
மூலையில் இன்றைய தேதியை எழுதினான்.
தாளைத் தொடக்கூடாதென்று ஒப்பந்தத்தில் இல்லையாம்.

அவர்கள் பனிக்குள் போனபின்
கதவுக்கு அப்பால் கம்பி ஒன்று முனகியது.
குளிர்தான். இரும்பு சுருங்கும்.
இருந்தாலும்
கையுறைக்குள் இருமுவதுபோல்
நன்றி என்றேன்.