முப்பது மீற்றரில் சிவப்பு இல்லை

எனக்கு நீந்தத் தெரியாது.
வெள்ளவத்தையில், கடலோர ரயில்பாதைக்கு மேலே
ஐந்தாம் மாடியில், திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டுக்
கடல் பார்ப்பவள் நான்.
வெயில் பட்டால் கணினியில் நிறம் பிழைத்துவிடும்.

மெரில்டா முகத்துவாரத்துக்காரி.
விடியமுன் கல்கிசையில் படகேறி
சரக்குக் கப்பலொன்று சரிந்து கிடக்கும் இடத்தில் இறங்குவாள்.
கார்த்திகையில் தெளிகிற தண்ணீர்
சித்திரையில் கலங்கும்வரை அவளுக்கு ஞாயிறு கிடையாது.
நாலு மணிக்கு என் கதவு தட்டப்படும்.
உப்புப் பூத்த கை. பொலித்தீன் பையில் சுற்றிய ஹாட் டிரைவ்.
"கலவாய் ரெண்டு, ஒரு கூட்டம் பாரை,
பிறகு நம்மட கிழட்டுத் திருக்கை.
பிளேன்டீ இருக்கா?"

திருக்கையை மூன்று பருவமாகத் தெரியும் எங்களுக்கு.
இடது செட்டையில் பழைய வெட்டு,
யாரோ கடித்து வைத்த தோசை மாதிரி.

தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பைத்தான்.
பிறகு செம்மஞ்சள், பிறகு மஞ்சள்.
நான் சக்கரத்தைத் திருப்பித் திருப்பி
விழுங்கியதைக் கக்க வைப்பேன்.
சாம்பல் பூசிய கலவாய் செங்கல் நிறத்துக்கு வரும்.
துருவேறிய பாரந்தூக்கியில்
மென்பவளம் மாதுளை உடைத்ததுபோல் நிற்கும்.
இது பொய்யா என்று ஒருநாள் கேட்டேன்.
"டோர்ச் அடிச்சா அப்பிடித்தான் தெரியும்."
"அடிக்காட்டி?"
"அத மீனிட்டத்தான் கேக்கோணும்."

சத்தத்தையும் நான்தான் கழுவுகிறேன்.
ஹோட்டல்காரர் சொல்லிவிட்டார்:
வரவேற்பறைச் சுவருக்குத் தொண்ணூறு செக்கன்,
புல்லாங்குழல் போடுங்கோ,
அந்தக் கொர்கொர் வேண்டாம்.
அந்தக் கொர்கொர் அவள் மூச்சு.
வெட்டியதை எறிய மனமில்லாமல்
ஒரு கோப்புறையில் போட்டுவைத்தேன்.
இப்போது பதினொரு மணித்தியால மூச்சு இருக்கிறது.

மாசியில் வந்த ஒரு காட்சியில் எதுவுமே இல்லை.
கமரா மணலில் சாய்ந்து கிடக்கிறது.
அதன் லைட் வேறெங்கோ பார்க்கிறது.
பாதி மணல், பாதி பச்சை,
கண்ணாடி மேல் ஏறி இறங்கும் ஒரு குட்டி இறால்.
ஒன்பது நிமிடம்.
மறந்துபோய்ப் போட்டுவிட்டாள் என்று அழிக்கப் போனேன்.
மூச்சைக் கேட்டதும் கை நின்றது.
நிமிடத்துக்கு முப்பத்தொன்று. எண்ணினேன்.
நடுவே நைலோனில் கத்தி உரசும் சத்தம்.
யாரோ விட்டுப்போன வலை.

மூலையில் பச்சைப் புகையொன்று மெல்ல வந்தது.
சேறு என்று நினைத்தேன்.
வழக்கம்போல் சக்கரத்தைத் திருப்பினேன்.
சேறு சிவக்காது.

பிறகு திரை முழுக்க நிழல்.
வெள்ளை வயிறு, கடிபட்ட செட்டை, அவசரமேயில்லாமல்
மேலே கடந்து போனது.
மூச்சு இருபத்துநாலு. பதினெட்டு. பன்னிரண்டு.

அன்று மாலை அவள் இடது கையால்தான்
பிளேன்டீக் கிளாசைப் பிடித்தாள்.
கண்டேன். கேட்கவில்லை.
ரயில் போனது, சீனிப்போத்தல் நடுங்கியது,
கரண்ட் பில் கூடிவிட்டது பற்றிப் பேசினோம்.

பிறகு போனில் கேட்டபோது
"கத்தியா முள்ளா தெரியா.
மேல வந்து கையுறை கழட்டேக்கதான் கண்டன்" என்றாள்.
"அந்தக் கிளிப்ப அழிச்சு விடு,
ஒண்டுமில்லையே அதில."

ஹோட்டலுக்குத் தொண்ணூறு செக்கன் போய்விட்டது, குழலோடு.
ஒன்பது நிமிடம் என்னிடம் இருக்கிறது.
அதில் ஏற்றிய சிவப்பைத் திரும்ப இறக்கிவிட்டேன்.
கீழே அவளுக்கு அது பச்சையாகத்தான் இருந்தது.

இப்போது வைகாசி. கடல் கலங்கிவிட்டது.
கொட்டாஞ்சேனையில் கலியாணம் எடுக்கிறாள்.
நேற்று ஒரு கூறைச்சேலை வந்தது,
திரையெல்லாம் கொழுந்துவிட்ட சிவப்பு.
என் விரல் என்னைக் கேளாமலே
கொஞ்சம் குறைத்தது.
மணப்பெண் வீட்டார் கோபிப்பார்கள்.