மாற்றுக் குறைந்த மூச்சு

சாக்கோட்டை முத்துராக்கு
இரட்டை வடச் சங்கிலியைக் கொடுத்துவிட்டு
எதிரே உட்கார்ந்திருந்தார்.
உரைகல்லில் ஒரு கோடு இழுத்தேன்.
அடுத்த கோட்டுக்குள் தூங்கிப்போனேன்.

எத்தனை நிமிடம், தெரியாது.
விழித்தபோது சங்கிலி என் கையில்,
அவர் கண் சங்கிலியில்.
"எழுப்ப மனசு வரலம்மா" என்றார்,
"எந்திரிச்சுப் போகவும் முடியல, பாருங்க."

காரைக்குடிக் கிளையில் பதினோரு வருடம்.
செம்பு எவ்வளவு, வெள்ளி எவ்வளவு என்று
கோட்டின் நிறம் பார்த்தே சொல்லிவிடுவேன்.
அன்று நாற்பத்திரண்டு கிராமை
இருபத்துநாலு என்று எழுதியிருந்தேன்.
மேலாளர் பேனாவால் தட்டிக் காட்டினார்.
அந்தச் சத்தம் மட்டும் ஞாபகம்.

அதற்கு முன்னும் இருந்தது.
கோட்டையூரில் இறங்க வேண்டியவள்
பள்ளத்தூரில் விழித்தேன்,
மடியில் டிபன் டப்பா, வாயோரம் எச்சில்.
"இன்னிக்குமாக்கா?" என்றார் கண்டக்டர்.

காலையில் நெற்றிக்குள் ஓர் அம்மிக்கல்.
ராத்திரி மூன்று முறை பாத்ரூம்.
எட்டு மணி நேரம் படுத்து எழுந்தும்
படுக்காதவளின் உடம்பு.

இரும்புச்சத்து பார்த்தேன். தைராய்டு பார்த்தேன்.
"அந்த வயசு" என்றாள் நாத்தனார் உமையாள்.
முருங்கைக்கீரை, பேரீச்சை, கூடுதலாக ஒரு காப்பி,
எல்லாமே விழித்திருக்கும் நேரத்துக்கு வைத்தியம்.
தூங்கும் நேரத்தில் என்ன நடக்கிறது என்று
தூங்குகிறவளிடம் கேட்டு என்ன பயன்.

மூன்று வருடமாக அவர் வளவில் படுக்கிறார்.
உள்ளே புழுக்கமாம்.
மார்கழியிலும் புழுக்கம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டேவிட்டேன்.
சாத்தப்பன் பேப்பரை மடித்தார், விரித்தார்.
"குறட்டை" என்றார்,
கெட்ட வார்த்தை சொல்வதுபோல.
"அதுகூடப் பரவாயில்ல. நடுவுல நின்னுரும்.
மூச்சே இருக்காது. வெளியே படுத்து எண்ணுவேன்.
இருபது. சில நாள் இருபத்தஞ்சு.
அப்புறம் தண்ணிக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி வருவே."

ஏன் சொல்லவில்லை?

"பொம்பளைகிட்ட போய்
இதை எப்படிச் சொல்றது?"

ஆயிரம் ராத்திரி எண்ணிவிட்டு
ஆயிரம் காலையும்
காப்பி மட்டும் கேட்டிருக்கிறார்.

மதுரை டாக்டரிடம் கேட்டேன்:
எப்போது வந்திருக்க வேண்டும்?
அவர் பதிலுக்குக் கேட்டார்.
உட்கார்ந்து படிக்கும்போது கண் சொக்குமா?
ஒரு பக்கம் தாண்டியதில்லை.
யாராவது எதிரே இருக்கும்போது?
முத்துராக்குவைச் சொன்னேன்.
எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தார்.
வண்டி ஓட்டுவீர்களா?
ஸ்கூட்டர்.
"சோதனை முடியற வரைக்கும் தொடாதீங்க.
மூச்சு நிக்குதுன்னு ஒருத்தர் பார்த்தாருல்ல,
அந்த வாரமே வந்திருக்கணும்."
சாத்தப்பன்
மேஜைக் கண்ணாடியில் எதையோ தேடினார்.

தலையில் பசை, மார்பில் பட்டை,
விரல்நுனியில் சிவப்பு வெளிச்சம்.
"வழக்கம்போல தூங்குங்க" என்றாள் அந்தப் பெண்.
இத்தனை ஒயரோடு எது வழக்கம்?
ஆனாலும் தூங்கினேன்,
அதுதானே என் வியாதி.

மணிக்கு முப்பத்தொரு தடவை நின்றிருக்கிறது.
ரத்தத்தில் ஆக்ஸிஜன்
எழுபத்தெட்டு வரை இறங்கியிருக்கிறது.
எழுபத்தெட்டில் ஒரு வளையல் வந்தால்
கல்லை ஓரமாக வைத்துவிட்டு
"செம்பு ஜாஸ்திங்க" என்று தள்ளியிருப்பேன்.
இந்த மூச்சை வைத்துக்கொண்டா
ஊரார் மாற்றைப் பார்த்தேன்?

இப்போது மூக்கில் முகமூடி,
தலைமாட்டில் மெல்ல இரையும் ஒரு பெட்டி.
பாயை உள்ளே கொண்டுவந்துவிட்டார்.
விடியும்வரை நான் தூங்குகிறேன்.
அவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார்.
எண்ணிப் பழகியவருக்கு
எண்ண ஒன்றுமில்லை.

"இன்னும் ரெண்டு வாரம் பார்ப்பேன்" என்றேன்.
"அப்புறமும் தூங்கலேன்னா
நானே டாக்டர்கிட்ட சொல்லிருவேன்.
ஆம்பளைன்னெல்லாம் பார்க்க மாட்டேன்."