கடலுள்ள நாட்டின் பிரதிநிதி

சீட்டுக் குலுக்கலில் எனக்கு விழுந்தது சிலி.
சிரித்துவிட்டேன். பிறகு
வேறு சீட்டு கேட்டேன். தரவில்லை.

சனி ஞாயிறுகளில் மினிபஸ் கதவில் தொங்கிக்கொண்டு
"செஹா, செஹா, ரியோ செக்கோ, ஒரு இடம் இருக்கு!" என்று
எல் ஆல்ட்டோ முழுக்கக் கத்துகிறவள் நான்.
நொயெமி கலிசாயாவுக்குக் குரல் பஞ்சமில்லை என்றுதான்
மாதிரி ஐ.நா. அணியில் சேர்த்தார்கள்.

முதல் மாநாட்டில் நான் நார்வே.
மீன்வளம் பற்றி,
ஒலிவாங்கி இருந்தும்,
கத்தினேன்.
தலைமை மேசையிலிருந்து ஒரு துண்டுத்தாள் வந்தது:
'எங்களுக்குக் காது நன்றாகவே கேட்கிறது, நார்வே.'
அதை இன்னும் வைத்திருக்கிறேன்,
பஸ் சில்லறைப் பையில்.

இரண்டாவதில் சாட்.
வாயே திறக்கவில்லை.
யார் யார் என்ன சொன்னார்கள் என்று
நாள் முழுக்க எழுதினேன்.
மாலையில் படித்துப் பார்த்தால்
ஒருவரும் இன்னொருவருக்குப் பதில் சொல்லியிருக்கவில்லை.

இப்போது சிலி.
மஞ்சள் கேபிள் கார், பிறகு பச்சை.
இறங்க இறங்கக் காது அடைத்தது.
கீழே, பணக்காரத் தெற்கில், மரங்களுக்குக்கூட இலை அதிகம்.
இரவல் கோட்டின் கை நீளம்,
மடித்து ஸ்டேப்ளர் அடித்திருந்தேன்.

பொலிவியாவாக உட்கார்ந்திருந்தவன்
இக்னாசியோ உரியோஸ்தே.
மூன்று நாட்டுக் கடலில் நீந்தியவன்.
"எங்கள் கடல்" என்று அவன் சொன்னபோது
அரங்கம் எழுந்து கைதட்டியது.
என் கையும் எழப் பார்த்தது.
காகிதக் கட்டைத் தூக்கி அதன்மேல் வைத்தேன்.

'நான்' என்று சொல்லக் கூடாது, விதி.
'நாங்கள்' என்று சொல்லலாம்.
ஸ்பானியத்தில் அதற்கு ஒரே சொல்.
எங்கள் வீட்டு ஐமராவில் இரண்டு:
கேட்கிறவரையும் சேர்த்துக்கொண்டால் ஹிவாசா,
வாசலுக்கு வெளியே நிறுத்தினால் நனக்கா.

அறுபது நொடி.
"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நான்கின் ஒப்பந்தத்தில்
இரண்டு நாட்டுக் கையெழுத்தும் இருக்கிறது" என்றேன்.
"அரிக்காவில் நேற்றுப் பிறந்த குழந்தை
அந்தக் கடலை யாரிடமிருந்தும் எடுக்கவில்லை.
கண் திறந்தபோது அது அங்கே இருந்தது."
கத்தவில்லை.
மூன்றாம் வரிசையில் என் வகுப்புப் பெண்கள்.
ஒருத்தி தலையைத் திருப்பிக்கொண்டாள்.

பதினோரு நொடி மிச்சம்.
என்ன தோன்றியதோ,
"பொலிவியாவுக்குக் கொடுக்கிறேன்" என்றேன்.
இக்னாசியோ எழுந்தான்.
அவனிடம் எழுதி வைத்தது எதுவும் இல்லை.
பதினோரு நொடியும் ஒலிவாங்கி மட்டும் இரைந்தது.

இடைவேளையில் மாடிப்படியில் உட்கார்ந்து
தீர்மானம் எழுதினோம்.
'கோருகிறது' என்றான்.
'வரவேற்கிறது' என்றேன்.
நாற்பது நிமிடம்.
'கவனத்தில் கொள்கிறது' என்பதில் வந்து நின்றது.
சால்தேன்யாவின் குழம்பு அதன் மேல் சொட்டியது.
முதல் பத்தியின் 'நாங்கள்' எந்த நாங்கள் என்று கேட்டேன்.
விழித்தான். சொல்லிக் கொடுத்தேன்.
ஹிவாசா, ஹிவாசா என்று
தப்பான இடத்தில் அழுத்தி
இரண்டு முறை சொல்லிப் பார்த்தான்.

தீர்மானம் தோற்றது, பதினொன்றுக்குப் பதினான்கு.
விருது ஜப்பானுக்கு.

மார்ச் இருபத்து மூன்று, கடல் நாள் ஊர்வலம்.
அட்டைக் கப்பல், நீலத் துணி அலை.
"கடல் எங்களுடையது!"
பழகிய தொண்டை, கத்தினேன்.
மனதாரத்தான் கத்தினேன்.
ஆனால் உள்ளே ஒருத்தி
நாட்டுப் பலகையை உயர்த்தியபடியே நின்றிருந்தாள்,
தன் முறை வரட்டும் என்று.

அந்த ஞாயிறு பஸ்ஸில் சண்டை.
உருளைக்கிழங்கு மூட்டைக்கும் சீட்டுப் பணமா?
மூட்டைக்காரி ஒரு பக்கம்,
அது காலில் ஏறிய ஆசாமி ஒரு பக்கம்.
முன்பென்றால் இருவரையும் கத்தியே அடக்கியிருப்பேன்.
இப்போது ஒருவர் முடிக்கும்வரை மற்றவரை நிறுத்தி
இரண்டையும் முழுசாகக் கேட்டேன்.

அதற்குள் செஹா வந்துவிட்டது.
இருவரும் காசு கொடுக்காமல்
இறங்கிப் போனார்கள், பேசிக்கொண்டே.