குறிப்புக் கலம்

பொன்விழா மலருக்குப்
பங்கின் வரலாறு எழுதித் தா என்றார் சாமியார்.
இரண்டு பக்கம் போதும்,
மீதி விளம்பரத்துக்கு.
என்னிடம் இருப்பவை
ஞானஸ்நானப் பதிவேடு ஐந்து,
திருமணம் இரண்டு, அடக்கம் ஒன்று.
திருப்பூரில் பத்தொன்பது வருஷம்
பனியனில் பிசிறு வெட்டிய கண் இது.
எழுத்திலும் பிசிறு தெரிந்துவிடுகிறது.

முதல் ஏட்டில் எல்லோரும் வெளியூர்.
திண்டுக்கல், புள்ளம்பாடி, வடக்கன்குளம்.
கட்டிங் மாஸ்டர்கள், கைமடிப்புக்காரிகள்,
ரயிலடியில் டீ விற்ற ஒருவர்.
சாயப்பட்டறைச் சந்தில் தகரம் வேய்ந்து
சந்தியாகப்பரை நிறுத்தினார்கள்.
அவரும் வெளியூர்தான்.
எந்தக் கப்பலில் ஏறி அந்தப் பெயர்
நம் வாயில் வந்து இறங்கியதோ.
கையில் தடி, இடுப்பில் சுரைக்குடுக்கை,
நடந்தே வந்தவர் முகம்.

இரண்டாம் ஏட்டில் நர்சுகள். திருச்சூர், பாலா.
ஏலியாம்மாவை ஏழு விதமாக எழுதியிருக்கிறார்
எனக்கு முந்தியவர்.

மூன்றாம் ஏட்டில்
என் பேனா நின்றது.
தந்தை: புல்ஜென்ஸ் டோப்போ.
தாய்: சலோமி கேர்கேட்டா.
சொந்த ஊரை அவள் மூன்று தரம் சொன்னாள்.
நான் மூன்று விதமாக எழுதி
எதையும் அடிக்காமல் விட்டேன்.
சிம்டேகா. சிம்தேகா. சிந்தேகை.
ஏதோ ஒன்றில் அவள் வீடு இருக்கும்.

பங்குப் பேரவை கூடியது.
பத்து மணிப் பூசை நமது.
ஏழு மணி மலையாளம்.
அவர்களுக்கு மத்தியானம் இரண்டரை,
சித்திரையில், தகரத்துக்குக் கீழே.
மேளம் வேண்டாம்,
பக்கத்துக் கம்பெனிக்காரர் ஏதாவது சொல்வார்.
அங்கே கெட்டவர் யாரும் இல்லை.
நானும் கை தூக்கினேன்.
இதை மலரில் போடுவார்களா?

அந்த ஞாயிறு சாப்பிட்டுத் தூங்கிவிட்டேன்.
மூன்று மணிக்கு வாசலில் நாற்பது பேர்,
நைட் ஷிப்ட் முடித்த கண்கள்,
தலைமயிரில் பஞ்சு.
சலோமி கேட்டைப் பிடித்துக்கொண்டு
"சாபி" என்றாள்.
எனக்குச் சாவி என்று கேட்டது.
உள்ளே போனதும் அலமாரியைக் காட்டி
"அல்மாரி" என்றாள்.
பாதிரி என்றேன். "பாத்ரி" என்றாள்.
சிரித்துவிட்டோம்,
கடல் பார்க்காத ஊர்க்காரிகள் இரண்டு பேர்,
எவனோ பறங்கி கரையில் போட்டுப்போன
மூன்று சொற்களை வைத்துக்கொண்டு.

நான்காம் ஏட்டில் ஒரு வருஷம் வெள்ளையாகக் கிடக்கிறது.
ரயில் ஓடாத வருஷம்.
கோயிலுக்குள் தொண்ணூறு பேர் படுத்தார்கள்.
பீடத்தின் மேல் அரிசி மூட்டை.
சந்தியாகப்பர் தடியில் யாரோ
ஈர லுங்கியைக் காயப் போட்டிருந்தார்கள்.
எடுக்கச் சொல்ல
ஒருவருக்கும் வாய் வரவில்லை.

அடக்கப் பதிவேட்டில் ஒற்றை வரி:
புல்ஜென்ஸ் டோப்போ, முப்பத்தொன்று, பாய்லர்.
அன்று மாந்தர் மேளம் சந்து முழுக்க அதிர்ந்தது.
கம்பெனிக்காரர் வந்தார்.
செருப்பைக் கழற்றினார்,
கடைசிவரை நின்றார்.

அடுத்த மாசம் பின்னிரவில்
சலோமிக்கு வலி கண்டது.
லைன் வீட்டுக்கார வேலாத்தாள்
டிவிஎஸ்ஸில் முன்னால் பையன், பின்னால் இவள்,
பெரியாஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனாள்.
பிறகு என்னிடம் வந்து நின்றாள்,
நெற்றியில் திருநீறு, கையில் கொலுசுப் பெட்டி.
"தண்ணி ஊத்தறன்னைக்கு
கொழந்தயெ நாந்தானுங்க புடிப்பேன்."
சட்டம் இடம் தராது என்றார் சாமியார், மெதுவாக.
ஞானத்தாய் என்ற கலத்தில்
லூர்து டீச்சர் பெயரை எழுதினேன்.
பக்கத்தில் குறிப்புக் கலம் இருக்கிறது,
ஐம்பது வருஷமாக
யாரும் எதுவும் எழுதாத கலம்.
பிடித்தவர்: வேலாத்தாள், கோவில்பாளையம்.

இரண்டரை மணிப் பூசை இன்னும் இரண்டரைக்குத்தான்.
ஆறு மின்விசிறி மாட்டியிருக்கிறோம், ஒன்று சுற்றாது.
வரலாறு என்னாச்சு என்று
நேற்றும் கேட்டார் சாமியார்.
அலமாரியில் இருக்கிறது சாமி.
சாவிதான் சலோமியிடம்.
அவள் ஷிப்ட் முடிந்து வரட்டும்.