கொசோங்கின் இடுப்பு

முயல்போல் ஓடுகிறான் என்று
காணொளி எடுத்து அனுப்பினேன் எல்லாருக்கும்.
பின்னங்கால் இரண்டும் ஒன்றாய் எழும்பும்,
ஒன்றாய் விழும்.
சிரிக்கும் முகங்கள் பதினேழு வந்தன.
அது நோயின் நடையென்று
பதினேழு பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை.
எனக்கும்.

டாக்டர் ஹுவீ ஷான்
எக்ஸ்ரேயைத் திரையில் பெரிதாக்கினார்.
பந்து உட்காரக் கிண்ணம் வேண்டும்.
இவனுக்கு வாய்த்தது தட்டு.
கோப்பிக்கடைச் சிறுதட்டில் ஒற்றை மீனுருண்டை,
மேசையை யாரோ இடித்துக்கொண்டே இருக்கிறார்கள்:
அப்படி, அடிக்கு அடி.
எலும்பு நுனியில் கறுப்பாய் ஒரு கோடு.
"இது இன்னும் மூடவில்லை. வளர்கிறான்" என்றார்,
நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று
சொல்லாமல்.

லிம் சூ காங் வடிகாலில் கிடைத்தவன்.
பாலில்லை, சீனியில்லை, முழுக்கறுப்பு.
அதனால் கொசோங்.
சுழி என்று ஒரு பொருள் அதற்கு உண்டென்பது
பில் கட்டும்போது நினைவுக்கு வந்தது.

அன்றிரவே வீடு மாறிப்போனது.
யீஷூன் வீவக வீட்டின் பளபளத் தரைமேல்
ஆறு யோகா விரிப்புகள், ஓரமெல்லாம் ஒட்டுநாடா.
என் அண்ணன் மணிமொழியன்
சோபாவின் கால்களைக் கழற்றித்
தரையோடு தரையாக்கினான்.
இப்போது விருந்தாளிகள் எழத்தான்
கை கொடுக்க வேண்டியிருக்கிறது.

உணவைத் தராசில் நிறுக்கிறேன்.
ஒரு கிலோ கூடினால் அது இடுப்பில் ஏறும்.
மாத்திரை அவித்த பூசணிக்குள்,
வெறும்வயிற்றில் கூடாது.
பூசணியைத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும்
என் செருப்புக்குள் துப்பிவைப்பான்,
மரியாதையாக.

நடை ஐந்து நிமிடம், மூன்று வேளை.
புல்லில் மட்டும்.
வயிற்றுக்கடியில் பழைய துண்டொன்றைத் தூளியாக்கி
நான் பின்னால், அவன் முன்னால்.
எதிர்வீட்டு மக்சிக் ரோக்கியா
அவனைத் தொடமாட்டார், பக்கம் வரமாட்டார்.
ஆனால் நாங்கள் வரும் நேரம்
மின்தூக்கியின் கதவை
நீட்டிய குடையால் தடுத்து நிறுத்தியிருப்பார்.
உள்ளே வருவதில்லை.
அடுத்ததற்குக் காத்திருப்பார்.

சனிக்கிழமை நீர்ப்பயிற்சி.
தண்ணீருக்குள் அவனுக்கு எடையில்லை.
நான்கு காலும் தனித்தனியாய் நடக்கின்றன.
கண்ணாடிக்கு வெளியே நின்று
எண்ணிப் பார்த்துக்கொள்கிறேன்:
நான்கு.

ஒரு நாள் தவறினேன்.
மழைவிட்ட மாலை, பூங்காவில் ஆளில்லை,
ஒரு வெள்ளை நாய் வா என்றது.
கயிற்றை விட்டேன்.
பத்தே நிமிடம். அப்படியொரு ஓட்டம்.
ஒன்பது மாதக் குட்டி ஓடாமல் வேறென்ன செய்யும்?
அடுத்த இரண்டு நாள்
ஒருக்களித்தே உட்கார்ந்தான்.
குரைக்கவில்லை, முனகவில்லை,
என்னைக் குற்றம் சொல்லவில்லை.
வலியை அவன் சொல்வதேயில்லை.
காது பின்வாங்கும்,
தண்ணீர்க் கிண்ணம்வரை போகலாமா என்று
ஒரு கணம் யோசிப்பான்.
அந்த ஒரு கணத்தைப் படிக்கத்தான்
இந்த ஐந்து மாதமும் போயிற்று.

அறுவையா, வளர்ந்து முடியும்வரை பொறுப்பதா?
மேசைமேல் இரண்டு விலைப்பட்டியல்.
பிள்ளை வளரட்டும் என்பார்கள் எல்லாரும்.
நானோ
மெதுவாடா, மெதுவா
என்று அவன் எலும்புகளிடம் சொல்கிறேன்.

டிசம்பர். விடாத மழை.
ஈரக்காற்றில் மூட்டு இறுகும் மாதம்.
விடியல் மூன்றரை மணி.
அவன் எழப் பார்க்கிறான்.
விழித்திருக்கிறேன் என்று தெரிந்தால்
வால் ஆடும், துள்ளுவான்.
அதனால் கண்ணை மூடி
குறட்டையும் கொஞ்சம் விடுகிறேன்.

முன்கால் ஊன்றும் ஓசை.
நிற்கிறது.
நேற்று மூன்று முறை முயன்றான்.
விரிப்பு மெல்லக் கிறீச்சிட,

எழுந்துவிட்டான்.
தண்ணீர் நக்கும் சத்தம்
மழையிலும் கேட்கிறது.